பிழைக்கப் போன ஊரில் ஒரு நாள் – காஞ்சிபுரம் சொல்லும் வரலாறு

வெளிநாட்டு வாழ்க்கை என்று பேச்சு எடுத்தாலே இன்று கல்லூரி வகுப்புகளில் முதலில் வரும் பெயர்களில் ஒன்று ஆஸ்திரேலியா. அங்கே போன மாணவனின் ஒரு நாள் எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் ஓரளவு தெரியும். காலையில் வகுப்பு, மாலையில் கடையிலோ ஹோட்டலிலோ வேலை, ராத்திரி நாலு பேர் சேர்ந்து எடுத்த வீட்டில் யாராவது ஒருவன் வைக்கும் சாம்பார். படிப்பு நடக்கும் நாட்களில் 2 வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை செய்யலாம் என்பது 2023 ஜூலை முதல் அங்கே உள்ள விதி. மிச்ச நேரம்? அதில்தான் நண்பர்கள், கோயில், பொங்கல் விழா, கிரிக்கெட் எல்லாம்.

இதெல்லாம் விமானமும் விசாவும் வந்த பிறகு பிறந்த வாழ்க்கை என்று நினைத்தால் அது சரியல்ல. ஊர் விட்டு ஊர் போவது, அங்கே உழைப்பது, உழைத்த நேரம் போக நம்மவர்களைத் தேடிப் பிடித்து ஒன்றாக உட்காருவது, இந்த மூன்றும் தமிழ்நாட்டில் 1,300 வருடத்துக்கும் மேலான பழக்கம். அதைப் பார்க்க மிகப் பொருத்தமான ஊர் காஞ்சிபுரம். காரணம் இரண்டு. இந்த ஊரிலிருந்து கடல் கடந்து போனவர்களும் உண்டு. வேறு ஊரிலிருந்து, வேறு மொழியோடு இங்கே வந்து தங்கிவிட்டவர்களும் உண்டு. கோயில் நகரம், பட்டு நகரம் என்று நாம் சொல்லும் இரண்டு பெயருமே இந்தப் போக்குவரத்தால் கிடைத்தவைதான்.

நாளந்தாவில் 20 பாக்கு

முதலில் ஒரு வெளிநாட்டு மாணவரிடமிருந்து தொடங்குவோம். சீனத் துறவி யுவான் சுவாங். பள்ளிக்கூடப் பாடப் புத்தகத்தில் குடையும் முதுகுச் சுமையுமாக நிற்பாரே, அவர்தான். 7-ஆம் நூற்றாண்டில் சீனாவிலிருந்து தரைவழியாக இந்தியா வந்து நாளந்தாவில் படித்தார். அங்கே அவருக்கு ஒரு நாளைக்கு என்னென்ன கொடுத்தார்கள் என்பதை அவருடைய வரலாற்றை எழுதிய சீடர் கணக்காகவே குறித்து வைத்திருக்கிறார். 20 பாக்கு, 20 ஜாதிக்காய், கொஞ்சம் கற்பூரம், ஒரு படி மகாசாலி அரிசி என்று அந்தப் பட்டியல் போகிறது. மகாசாலி என்பது நல்ல மணமுள்ள உயர்ந்த ரக அரிசி. இன்றைய மொழியில் சொன்னால் முழு உதவித்தொகை. சோற்றுக்கு வேலை பார்க்க வேண்டிய தேவை அவருக்கு இல்லை. படிப்பதும் வாதம் செய்வதும்தான் வேலை.

அவருக்கு அங்கே ஆசிரியராக இருந்தவர் சீலபத்திரர். சீலபத்திரருக்கு ஆசிரியர் தர்மபாலர். அந்தத் தர்மபாலர் பிறந்த ஊர் காஞ்சிபுரம். அமைச்சர் ஒருவரின் மகனான அவர், அரசன் மகளோடு கல்யாணம் நடக்கவிருந்த சமயத்தில் வீட்டை விட்டு வெளியேறித் துறவியானார் என்று யுவான் சுவாங் எழுதுகிறார். காஞ்சியிலிருந்து மகதத்துக்குப் போய், பல்லாயிரம் பேர் படித்த இடத்துக்குத் தலைவராக உயர்ந்த காஞ்சிக்காரர் அவர்.

சுமார் கி.பி. 640-இல் யுவான் சுவாங் காஞ்சிக்கே வந்தார். தன் ஆசிரியரின் ஆசிரியர் பிறந்த ஊரைப் பார்க்கும் ஒரு மாணவரின் வருகை என்று இதைச் சொல்லலாம். நூற்றுக்கும் மேற்பட்ட பௌத்த மடங்கள், 10,000 துறவிகள், 80 தேவர் கோயில்கள் என்று எழுதி வைத்தார். ஊர் மக்கள் தைரியசாலிகள், நேர்மையானவர்கள், கல்வியை மதிப்பவர்கள் என்றும் சான்றிதழ் கொடுத்திருக்கிறார்.

அவர் இங்கிருந்து இலங்கைக்குக் கப்பல் ஏறுவதாகத் திட்டம். ஆனால் காஞ்சியில் அவர் சந்தித்ததே இலங்கையிலிருந்து வந்த துறவிகளைத்தான். அங்கே அரசன் இறந்துவிட்டான், நாட்டில் பஞ்சம், அதனால் இங்கே வந்துவிட்டோம் என்று அவர்கள் சொன்னார்கள். யுவான் சுவாங் பயணத்தை மாற்றிக் கொண்டார். சீனாவிலிருந்து வந்தவரும் இலங்கையிலிருந்து தப்பி வந்தவர்களும் காஞ்சியில் உட்கார்ந்து ஊர் நிலவரம் பேசுகிறார்கள். வெளியூரில் நாலு பேரோடு பழகுவது வெறும் பொழுதுபோக்கு அல்ல என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. எங்கே பஞ்சம், எங்கே வேலை, எந்த வழி பாதுகாப்பு என்ற தகவல் எல்லாம் அந்தப் பேச்சில்தான் கிடைத்தது.

சீனத் தலைநகரில் ஒரு மொழிபெயர்ப்புக் கூடம்

யுவான் சுவாங் வந்து போய் சுமார் 80 வருடம் கழித்து எதிர்த்திசையில் ஒருவர் போனார். வஜ்ரபோதி என்பது அவர் பெயர். தென்னிந்தியர். இளம் வயதிலேயே நாளந்தாவில் படித்தவர். காஞ்சியின் பல்லவ அரசவையோடு தொடர்புள்ளவர். இலங்கை வழியாகக் கடலில் போய் 719-இல் சீனாவின் குவாங்சோ துறைமுகத்தில் இறங்கினார். அடுத்த வருடம் தலைநகருக்குப் போய்ச் சேர்ந்தார்.

அவர் அங்கே என்ன வேலை பார்த்தார்? மொழிபெயர்ப்பு. அந்தக் காலத்துச் சீனாவில் சமஸ்கிருத நூலை மொழிபெயர்ப்பது தனி ஒருவர் அறைக்குள் உட்கார்ந்து எழுதும் காரியமாக இருக்கவில்லை. அது கிட்டத்தட்ட ஓர் ஆபீஸ் மாதிரி நடந்தது. நூலை அறிந்த குரு மூலத்தைச் சொல்லி விளக்குவார். இரண்டு மொழியும் தெரிந்தவர் அதை வாய்மொழியாகச் சீனத்தில் சொல்வார். ஒருவர் எழுதிக் கொள்வார். இன்னொருவர் நடையைச் சீர் செய்வார். பொருள் சரிதானா என்று பார்க்கத் தனியாக ஆள் உண்டு. வேலைப் பிரிவினை என்று பொருளாதாரத்தில் படிக்கிறோமே, அது அங்கே ஆயிரத்து முந்நூறு வருடத்துக்கு முன்பே ஏட்டுப் பணியில் நடந்திருக்கிறது.

723-இல் தலைநகர் சாங்-ஆனில் ஒரு மடத்தில் வஜ்ரபோதி இரண்டு நூல்களை மொழிபெயர்த்தபோது யார் யார் உடனிருந்தார்கள் என்ற குறிப்பு சீன நூற்பட்டியலில் இருக்கிறது. எழுதிக் கொண்டவர் வென்-கூ என்ற சீனத் துறவி. வாய்மொழியாக மொழிபெயர்த்துச் சொன்னவர் ஈஸ்வரர் என்ற பெயருடைய கிழக்கிந்தியப் பிராமணர். அவர் சீன அரசின் செயலகத்திலேயே பணியில் இருந்தவர். தெற்கிலிருந்து போனவரும் கிழக்கிலிருந்து போனவரும் சீனத் தலைநகரில் ஒரே மேசையில் வேலை பார்த்திருக்கிறார்கள். சொந்த ஊரில் இருந்திருந்தால் இருவரும் சந்தித்திருக்கவே வாய்ப்பில்லை. வெளிநாட்டுக்குப் போன பிறகுதான் 'நாம் இருவரும் ஒரே பக்கத்து ஆட்கள்' என்ற எண்ணம் வருகிறது. சிட்னியில் மதுரைக்காரரும் யாழ்ப்பாணத்துக்காரரும் ஒரே பொங்கல் விழாவில் நிற்பதும் இந்தக் கணக்கில்தான்.

இதே நேரத்தில் அரசாங்க மட்டத்திலும் போக்குவரத்து இருந்தது. 720-இல் தென்னிந்திய அரசன் ஒருவனின் தூதர்கள் சீனப் பேரரசரிடம் போனதைச் சீன வரலாறு பதிவு செய்திருக்கிறது. அவன் காஞ்சியில் கைலாசநாதர் கோயிலைக் கட்டிய இரண்டாம் நரசிம்மவர்மன், அதாவது ராஜசிம்மன் என்று ஆய்வாளர்கள் அடையாளம் காண்கிறார்கள். தன் யானைப் படைக்கும் குதிரைப் படைக்கும் ஒரு பெயர் வைத்துத் தருமாறு அவன் கேட்டான். பேரரசரும் பெயர் கொடுத்தார். தூதருக்கு என்ன பரிசு வேண்டும் என்ற பேச்சு வந்தபோது, எங்களைப் போன்ற வெளிநாட்டவருக்கு அங்கியும் இடுப்புக் கச்சையும்தான் பெருமை என்று தூதர் சொன்னாராம். சித்திர வேலைப்பாடுள்ள பட்டு அங்கியும் பொன் கச்சையும் கிடைத்தன. இன்று உலகத்துக்கே பட்டு அனுப்பும் ஊரின் தூதர் அன்று வெளிநாட்டில் கேட்டு வாங்கியது ஒரு பட்டு உடை என்பது சுவையான செய்தி.

வஜ்ரபோதி 20 வருடத்துக்கு மேல் சீனாவில் இருந்தார். 741-இல் ஊருக்குத் திரும்ப அவருக்கு அனுமதி கிடைத்தது. கிளம்பியும் விட்டார். ஆனால் லுவோயாங் நகரம் வரைதான் போக முடிந்தது. அங்கேயே நோயுற்று இறந்தார். அவருடைய சீடர் அமோகவஜ்ரர் அந்தப் பணியைத் தொடர்ந்தார். 'இன்னும் ரெண்டு வருஷம் சம்பாதித்துவிட்டுத் திரும்பிவிடுவேன்' என்று சொல்லி, திரும்பாமலே போனவர்கள் எல்லாக் காலத்திலும் உண்டு.

குளம் வெட்டியவர்கள், கோயில் கட்டியவர்கள்

துறவிகளுக்குத் தங்க மடம் இருந்தது. வியாபாரிகளுக்கு? அவர்கள் தாங்களே ஏற்பாடு செய்து கொண்டார்கள்.

தாய்லாந்தின் தகுவாபா என்ற இடத்தில் 9-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. அவனிநாரணம் என்ற பெயரில் வெட்டிய ஒரு குளத்தைப் பற்றியது. அவனிநாரணன் என்பது காஞ்சியிலிருந்து ஆண்ட மூன்றாம் நந்திவர்மனின் பட்டப் பெயர். அந்தக் குளம் மணிக்கிராமத்தார், சேனாமுகத்தார் ஆகியோரின் காவலில் விடப்பட்டது. மணிக்கிராமம் என்பது வியாபாரிகளின் கூட்டு அமைப்பு. போன இடத்தில் முதலில் குடிக்கத் தண்ணீர், அந்தத் தண்ணீருக்கு ஊர் ராஜாவின் பெயர், அதைப் பார்த்துக்கொள்ள ஒரு சங்கம்!

சுமத்ராவின் பாரூஸ் துறைமுகத்தில் கிடைத்த 1088-ஆம் ஆண்டுக் கல்வெட்டு இன்னும் தெளிவானது. அது திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற பெரிய வணிகக் குழுவின் தீர்மானம். அவர்கள் கூடிப் பேசி முடிவெடுக்கிறார்கள்: இந்தத் துறைக்கு வரும் கப்பல் தலைவர்களும் கப்பல் ஆட்களும் கஸ்தூரி விலையை அளவாக வைத்துப் பொன்னில் ஓர் ஆயம் செலுத்த வேண்டும், செலுத்திய பிறகுதான் விரித்திருக்கும் பாவாடையில் கால் வைக்கலாம். பாவாடை என்றால் இங்கே மரியாதைக்காகத் தரையில் விரிக்கும் துணி.

வணிகவியல் மாணவர்கள் இதைக் கவனித்துப் பார்க்க வேண்டும். எந்த ஊர்க் காசு, அதற்கு என்ன மாற்று விகிதம் என்ற தொல்லையே இல்லாமல், எல்லோருக்கும் விலை தெரிந்த ஒரு சரக்கை அளவாக வைத்திருக்கிறார்கள். சந்தா கட்டினால் உறுப்பினர். உறுப்பினர் என்றால் மரியாதை, பாதுகாப்பு, கூட்டத்தில் இடம். இன்று வெளிநாட்டுத் தமிழ்ச் சங்கங்களின் விதிமுறை இதிலிருந்து ரொம்ப தூரம் போய்விடவில்லை.

13-ஆம் நூற்றாண்டில் பர்மாவின் பகான் நகரில் நானாதேசி விண்ணகர் என்ற விஷ்ணு கோயில் இருந்தது. நானாதேசி என்றால் பல நாடுகளுக்கும் போகும் வணிகர். கோயில் பெயரிலேயே கட்டியவர்கள் வெளியூர்க்காரர்கள் என்பது தெரிகிறது. கேரளக் கரையிலிருந்து போன ஒருவர் அந்தக் கோயிலுக்கு மண்டபமும் கதவும் விளக்கும் கொடுத்திருக்கிறார். 1281-இல் சீனாவின் சுவான்சோ துறைமுகத்தில் ஒரு சிவன் கோயிலில் வைத்த தமிழ்க் கல்வெட்டு, மங்கோலிய அரசரின் உடல் நலத்துக்காகச் சம்பந்தப் பெருமாள் என்பவர் அங்கே இறைவனை எழுந்தருளச் செய்ததைச் சொல்கிறது. உள்ளூர் ஆட்சியாளர் நலமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக் கொள்வது பக்தி மட்டுமல்ல, பிழைக்கப் போன இடத்தில் எடுத்துக்கொள்ளும் முன்ஜாக்கிரதையும் கூட.

இந்த ஊர்களில் எல்லாம் வியாபாரியின் நாள் எப்படிப் போயிருக்கும் என்று ஊகிப்பது கடினமில்லை. பருவக்காற்று திரும்பும் வரை கப்பல் கிளம்பாது. மாதக் கணக்கில் காத்திருக்க வேண்டும். பகலில் சரக்கு, தராசு, பேரம். மாலையில் குளக்கரை, கோயில், கூட்டம். அந்தக் கூட்டத்தில்தான் அடுத்த கப்பல் எப்போது, எவனை நம்பிக் கடன் கொடுக்கலாம் என்பதெல்லாம் முடிவாகும். வங்கியும் நீதிமன்றமும் எட்டாத இடத்தில் பழக்கம்தான் ஜாமீன்.

இப்போது காஞ்சியே வெளியூர்

இதுவரை போனவர்கள் கதை. இனி வந்தவர்கள் கதை.

சென்னை அருங்காட்சியகத்தில் உள்ள உத்தம சோழனின் செப்பேடு 10-ஆம் நூற்றாண்டுக் காஞ்சியைக் கண் முன் நிறுத்துகிறது. ஊரகம் உலகளந்த பெருமாள் கோயில் நிர்வாகம் பற்றியது அது. அந்தக் கோயிலின் கணக்கு வழக்குகளைக் கவனிக்கும் பொறுப்பு யாரிடம் இருந்தது தெரியுமா? காஞ்சியின் 4 சேரிகளில் வாழ்ந்த பட்டசாலிகள் என்ற நெசவாளர்களிடம். கம்புளான்பாடி, அதிமானப்பாடி போன்ற குடியிருப்புகளுக்குக் கோயில் பொன் வட்டிக்குக் கொடுக்கப்பட்டது. அந்த வட்டியிலிருந்து பூசைச் செலவு நடந்தது. சித்திரைத் திருவிழா முடிந்த கையோடு கணக்கைத் தணிக்கை செய்ய வேண்டும் என்ற விதியும் உண்டு. கோயிலுக்குச் சொந்தமான சோழநியமம் என்ற குடியிருப்பில் வசித்தவர்கள் மாதந்தோறும் எண்ணெயும் அரிசியும் கோயிலுக்குக் கொடுத்தால் போதும்; வேறு வரி கிடையாது. ஆள் வந்து குடியேற வேண்டுமானால் என்ன சலுகை கொடுக்க வேண்டும் என்று ஆயிரம் வருடத்துக்கு முன்பே தெரிந்து வைத்திருந்தார்கள்.

இதில் முக்கியமான விஷயம், நெசவாளர் அன்று வெறும் கூலிக்காரர் அல்ல. கோயிலின் நிதி மேலாளர். தறியில் கை இருந்தாலும் கணக்குப் புத்தகத்திலும் கை இருந்தது. 15-ஆம் நூற்றாண்டின் இறுதியில் விஜயநகர ஆட்சியில், பல ஊர்க் கைக்கோளர்கள் தங்களுக்கும் தண்டு என்ற பல்லக்கும் சங்கும் வைத்துக்கொள்ளும் உரிமை வேண்டும் என்று பெற்றார்கள். அதற்கு அவர்கள் காட்டிய முன்மாதிரி காஞ்சிபுரம் கைக்கோளர்களுக்கு ஏற்கெனவே இருந்த உரிமை. உழைப்புக்குக் கூலி கிடைத்தால் மட்டும் போதாது, நாலு பேர் கூடும் இடத்தில் மரியாதையும் வேண்டும் என்று போராடியிருக்கிறார்கள்.

விஜயநகர காலத்தில்தான் தெலுங்கு, கன்னட நாடுகளிலிருந்து தேவாங்கரும் சாலியரும் காஞ்சிக்கு வந்தார்கள் என்பது இங்கே வழிவழியாகச் சொல்லப்படுவது. கிருஷ்ணதேவராயர் பெயரையும் அதோடு சேர்த்துச் சொல்வார்கள். வீட்டுக்குள் ஒரு மொழி, வீதியில் தமிழ் என்று தலைமுறைகள் ஓடின. சவுடேஸ்வரி அம்மனைக் கும்பிடும் தேவாங்கரும், முருகனைக் கும்பிடும் செங்குந்தரும் ஒரே நூல் வியாபாரியிடம் நூல் வாங்கி, ஒரே வரதர் கருட சேவைக்கு நின்றார்கள். வந்தவர்கள் யார், இருந்தவர்கள் யார் என்று இன்று சேலையைப் பார்த்துச் சொல்ல முடியாது.

பாவு நீட்டும் வீதி

காஞ்சி நெசவாளர் வீட்டு நாள் வெயில் ஏறுமுன் வீதியில் தொடங்கும். பாவு நூலைத் தெருநீளத்துக்கு நீட்டி, கஞ்சி தோய்த்து, அறுந்த இழைகளை முடிந்து, காய வைக்க வேண்டும். இது ஒரு வீட்டு ஆளால் ஆகாத வேலை. பக்கத்து வீட்டுக்காரர் வந்து கை கொடுப்பார். நாளை அவர் பாவுக்கு இவர் போவார். இதற்குக் கூலிக் கணக்கு கிடையாது. உழைப்பும் ஊர்ப்பேச்சும் ஒரே நேரத்தில் நடக்கும் இடம் அது. யார் வீட்டில் கல்யாணம், எந்த முதலாளி கூலியைக் குறைத்தார், ஜரிகை விலை என்ன ஏற்றம் என்பதெல்லாம் பாவு காய்வதற்குள் தெரிந்துவிடும்.

பிறகு குழித்தறி. தரையில் வெட்டிய பள்ளத்தில் காலை விட்டு உட்கார்ந்து மிதிக்க வேண்டும். கோர்வைச் சேலை என்றால் உடலுக்கு ஒரு நாடா, இரண்டு பக்கக் கரைக்கு இரண்டு நாடா, ஆக மூன்று. அதை ஒருவரே நெய்ய முடியாது. மறுபக்கக் கரையைப் பார்க்க இன்னொருவர் உட்கார வேண்டும். முந்தியின் நிறம் மாறும் இடத்தில் பழைய பாவு இழைகளோடு புதிய நிற இழைகளைப் பிணைப்பதற்குப் பேட்னி என்று பெயர். வேலைப்பாட்டைப் பொறுத்து ஒரு சேலை முடிய 10 நாளும் ஆகலாம், 20 நாளும் தாண்டலாம். பட்டு நூல் கர்நாடகத்திலிருந்து, ஜரிகை பெரும்பாலும் சூரத்திலிருந்து வரும். காஞ்சியில் விளைவது கைவேலை ஒன்றுதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் குழியில் தண்ணீர் ஊறிவிட்டால் அந்தக் கைவேலையும் நின்றுவிடும். அன்றைக்குக் கூலி இல்லை.

மறுபக்கம் உட்காரும் அந்த இரண்டாவது ஆள் நெடுங்காலம் பெரும்பாலும் ஒரு சிறுவனாகவோ சிறுமியாகவோ இருந்தான் என்பதையும் சொல்லாமல் விடக்கூடாது. முதலாளியிடம் வாங்கிய முன்பணத்துக்காகப் பள்ளிக்கூடம் போகாமல் தறியில் உட்கார்ந்த குழந்தைகளின் கதை காஞ்சிப் பட்டின் பளபளப்புக்குப் பின்னால் உண்டு. சட்டமும், தொண்டு நிறுவனங்களும், பள்ளி மதிய உணவும் சேர்ந்து அந்த நிலைமையைப் பெருமளவு மாற்றின. பள்ளிக்குப் போன குழந்தைகள் தறிக்குத் திரும்பவில்லை. இந்த இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

கோயிலையும் கூட அழைத்துப் போனவர்கள்

கம்பெனி காலத்தில் நெசவாளரை ஊர் பெயர்த்துக் கொண்டு போவது ஒரு வியாபாரத் தந்திரமாகவே ஆனது. துணி எங்கேயோ நெய்யப்பட்டு தரகர் கை மாறி வருவதைவிட, நெய்பவரையே கோட்டைக்குப் பக்கத்தில் குடி வைத்தால் லாபம் என்று சென்னைக் கவர்னர்கள் நினைத்தார்கள். 1717 முதல் 1720 வரை கவர்னராக இருந்த ஜோசப் காலெட் திருவொற்றியூர்ப் பக்கம் நெசவாளர்களுக்காக ஒரு குடியிருப்பை உண்டாக்கினார். காலெட் பேட்டை நம் வாயில் காலடிப்பேட்டை ஆயிற்று. 1730-களில் சிந்தாதிரிப்பேட்டையும் இதே நோக்கத்தோடுதான் எழுந்தது.

காலடிப்பேட்டையின் கல்யாண வரதராஜப் பெருமாள் கோயிலுக்கு ஒரு கதை உண்டு. கம்பெனியில் வேலை பார்த்த ஒருவர் காஞ்சி வரதரைத் தரிசிக்காமல் ஆபீசுக்கு வரமாட்டாராம். அவர் தாமதத்தைக் கண்ட காலெட், வரதரையே இங்கே கொண்டு வந்துவிடுவோம் என்று கோயில் எழுப்ப உதவினாராம். கதை எந்த அளவுக்கு நிஜமோ, அதன் உள்ளர்த்தம் நிஜம். ஆளை மட்டும் கொண்டு வந்தால் ஆள் நிலைக்க மாட்டான். அவன் கூடும் இடத்தையும் சேர்த்துக் கொண்டு வர வேண்டும். இதைப் புரிந்துகொண்ட முதலாளிகள் எல்லா நூற்றாண்டிலும் குறைவு.

ஏல் பல்கலைக்கழகத்தில் காஞ்சிக்காரர்

1909-இல் காஞ்சிபுரத்தில் ஒரு செங்குந்த நெசவாளர் குடும்பத்தில் பிறந்த சி.என். அண்ணாதுரை, 1968-இல் தமிழக முதலமைச்சராக இருந்தபோது அமெரிக்காவின் ஏல் பல்கலைக்கழகத்துக்குச் சப் பெல்லோஷிப் என்ற அழைப்பில் போனார். அந்த அழைப்பின் சிறப்பு என்னவென்றால், விருந்தாளி மேடையில் பேசிவிட்டுப் போய்விடக் கூடாது. சில நாட்கள் மாணவர்களோடு இருந்து, சாப்பிட்டு, உரையாட வேண்டும். பழகுவதே அங்கே பணி. தர்மபாலர் நாளந்தா போன கதைக்கும் இதற்கும் இடையில் 1,400 வருடம். அதே ஆண்டில் சிகிச்சைக்காக அவர் மறுபடி நியூயார்க் போக வேண்டி வந்ததும், 1969 பிப்ரவரி 3 அன்று மறைந்ததும் தமிழ்நாடு மறக்காத செய்தி.

சிட்னி வரை

ஆஸ்திரேலியாவின் கதவு நெடுங்காலம் நமக்கு மூடியே இருந்தது. 1901-இல் கொண்டு வந்த குடியேற்றத் தடைச் சட்டம் வெள்ளையரல்லாதவரை வெளியே நிறுத்தியது. அந்தக் கொள்கையின் கடைசி மிச்சங்கள் 1973-இல்தான் அகன்றன. அதன் பிறகு போனவர்கள் என்ன செய்தார்கள்? தகுவாபாவில் செய்ததையே செய்தார்கள். சிட்னிக்குத் தெற்கே ஹெலன்ஸ்பர்க்கில் வெங்கடேஸ்வரர் கோயில் 1985-இல் குடமுழுக்குக் கண்டது. மெல்போர்னின் காரம் டவுன்ஸில் சிவா விஷ்ணு கோயில் எழுந்தது. 1983-க்குப் பிறகு இலங்கையிலிருந்து போரால் துரத்தப்பட்டு வந்த தமிழர்களும் அங்கே சேர்ந்தார்கள். காஞ்சியில் யுவான் சுவாங் சந்தித்த இலங்கைத் துறவிகளைப் போலவே, அவர்களும் ஊர் நிலவரத்தைச் சுமந்து கொண்டு போனவர்கள். 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அங்கே வீட்டில் தமிழ் பேசுவோர் ஏறத்தாழ 95,000 பேர்.

அந்தக் கோயில் விழாக்களிலும் கல்யாணங்களிலும் பெட்டியிலிருந்து வெளியே வருவது காஞ்சிப் பட்டு. வாரம் முழுக்க யூனிபார்மில் நிற்கும் பெண் ஞாயிற்றுக்கிழமை அரக்கு நிறச் சேலையில் வந்து நிற்கிறாள். பாரூஸில் தரையில் விரித்த துணி செய்த வேலையை இங்கே உடுத்திய துணி செய்கிறது. 'நீ எங்கள் கூட்டத்து ஆள், உள்ளே வா' என்று சொல்கிற வேலை.

கணக்கு எங்கே இடிக்கிறது

இங்கேதான் ஒரு கேள்வி எழுகிறது. கடல் கடந்த கூட்டங்கள் வளர வளர, அந்தச் சேலையை நெய்த வீதியின் கூட்டம் சுருங்கிக் கொண்டிருக்கிறது. காஞ்சியைச் சுற்றி ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் தொழிற்சாலைகள் வந்த பிறகு நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் கம்பெனி பஸ்ஸில் ஏறினார்கள். அதில் தவறு சொல்ல எதுவும் இல்லை. மாதச் சம்பளம், பி.எஃப்., மழை பெய்தாலும் வரும் கூலி. 20 நாள் குனிந்து நெய்து, முன்பணம் கழித்துக் கையில் வாங்கும் தொகையோடு ஒப்பிட்டால் எவரும் அதைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். அவர்களில் சிலர் இன்னும் தூரம் போய் ஆஸ்திரேலியாவிலும் இருக்கிறார்கள்.

ஆனால் பாவு நீட்ட எட்டு கை வேண்டிய வீதியில் இரண்டு கைதான் இருக்கிறது என்றால், தறி வைத்திருப்பவர் அந்த உதவியைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். முன்பு பழக்கத்தில் இலவசமாகக் கிடைத்தது இப்போது செலவாகிறது. சேலை விலை ஏறுகிறது. விசைத்தறிச் சேலையும் போலி ஜரிகையும் இடத்தைப் பிடிக்கின்றன. கைத்தறிக்காரர் மேலும் நொடிகிறார். கூடிப் பழகுவது என்பது எந்த லாப நட்டக் கணக்கிலும் வராத மூலதனம். இருக்கும்போது தெரியாது, போன பிறகுதான் அதன் விலை தெரியும்.

வரலாறு காட்டும் வழியும் இதில்தான் இருக்கிறது. உத்தம சோழன் காலத்தில் நெசவாளர் கையில் கணக்குப் புத்தகம் இருந்தது. ஐந்நூற்றுவர் கடல் கடந்த துறையிலும் கூடித் தங்கள் விதியைத் தாங்களே எழுதினார்கள். உழைப்பவர்களே கூட்டமாக அமைந்து, விலையையும் விதியையும் தாங்கள் தீர்மானித்த காலங்களில் தொழில் நின்றது. காஞ்சியில் உள்ள பட்டுக் கூட்டுறவுச் சங்கங்களின் அடிப்படையும் அதே எண்ணம்தான். அந்தச் சங்கங்கள் உறுப்பினர் கையில் உயிரோடு இருந்தால், கூலி ஒழுங்காக வந்தால், தறியில் ஒரு தலைமுறை மறுபடி உட்காரலாம், உட்காராமலும் போகலாம். தீர்மானிக்க வேண்டியது அந்த வீட்டுப் பிள்ளைகள். அவர்களுக்கு இரண்டு வழியும் திறந்திருக்க வேண்டும் என்பதே நியாயம். போகிறவன் பசியால் துரத்தப்பட்டுப் போகக் கூடாது. இருக்கிறவன் கடனால் கட்டப்பட்டு இருக்கக் கூடாது.

அடுத்த முறை மெல்போர்னிலோ சிங்கப்பூரிலோ நடந்த கல்யாண ஆல்பம் பார்க்கும்போது, மணப்பெண் சேலையின் கரையும் உடலும் சேரும் இடத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். கையால் போட்ட கோர்வை என்றால், அந்த இடத்தில் இழைகள் ஒன்றையொன்று கோத்துப் பிடித்திருக்கும். இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து, பேசிக் கொண்டே போட்ட இணைப்பு அது.